காவாந்தண்டலத்துப் பதுங்குகுழி

1977ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினான்காம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, காற்று இல்லை, பெய்கிறது என்றும் பெய்யவில்லை என்றும் அறுதியிட்டுச் சொல்ல இயலாத ஒரு தூறல் உத்திரமேரூரின்மேல் தங்கியிருந்தது. அந்நேரத்தில், போர்க்கால உடல்நலிவு ஆய்வுப் பணியகத்தின் உத்திரமேரூர்க் கிளையில், முன்னாள் சிப்பாய் கன்னியப்பன் நின்றிருந்தார்.

நின்றிருந்தார் என்பது வருணனை அன்று, விதி. "மனுதாரர்கள் நின்று பேசவும், தீர்ப்பை நின்று பெறவும்" என்று எழுதிய பலகை சுவரில் தொங்கியது. போரில் கால் கெட்டவர்களின் மனுக்களை ஆராய்வதே அக்கிளையின் தலையாய பணியாதலால், வந்தோருள் பலர் அவ்விதியை ஒற்றைக்காலில் கடைப்பிடித்தனர்.

கன்னியப்பனுக்கு ஊர் காவாந்தண்டலம், வயது முப்பத்தெட்டு, இடக்காலில் விரல்கள் மூன்று. அம்மூன்றின் அடியிலிருந்து புறங்கால்வரை ஒரு புண், 1971 டிசம்பரிலிருந்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. 1977ஆம் ஆண்டு மழையில் அது மூடுவதை நிறுத்திக்கொண்டது. தை முடிவதற்குள் அறுவை செய்தால் காலைக் காப்பாற்றலாம் என்றும், இல்லையேல் கணுக்காலோடு எடுக்க நேரும் என்றும் காஞ்சிபுரத்து மருத்துவர் ஒருவர் கூறியிருந்தார். அந்த அறுவைக்கான வசதி சென்னையிலுள்ள படைமருத்துவமனையில்தான் உண்டு. "பணியின்போது நேர்ந்த நலிவு" என்று இப்பணியகம் கையொப்பமிட்ட தீர்ப்பு இல்லாமல் அம்மருத்துவமனையின் வாயிற்காவலர் எவரையும் உள்ளே விடமாட்டார். ஆகவே கன்னியப்பன் ஒரு கையொப்பத்துக்காக நின்றிருந்தார்.

எழுத்தர் வரதன் இருபத்துமூன்று பத்திகள் கொண்ட படிவத்தை நிரப்பினார்.

"ஒன்பதாவது. தொழிலு இன்னா?"

"இன்னா சார் தொழிலு? பயிருதான்."

காவாந்தண்டலத்தில் ஒருவரைத் தொழில் என்ன என்று கேட்டால் வேறு விடை வராது. கடை வைத்திருப்பவரும் அதையே சொல்வார். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரும் அதையே சொல்வார். படையிலிருந்து திரும்பிய நாள்முதல் கன்னியப்பன் சேற்றில் கால் வைத்ததில்லை, வைக்க முடிந்ததில்லை. அறுபது சென்ட் நிலத்தில் உழவைத் தவிர எல்லாம் மனைவி சுலோச்சனாவின் வேலை. அதை அவர் சொல்லவில்லை. படிவத்திலும் அதற்கெனப் பத்தி இல்லை. வரதன் "விவசாயம்" என்று எழுதினார்.

கிளையின் மருத்துவ உறுப்பினர் டாக்டர் ராஜாராம் முதலில் படிவத்தைப் பார்த்தார். பின்னர்க் காலைப் பார்த்தார். இவ்வரிசையை அவர் மாற்றியதே இல்லை.

"விவசாயம். கால் புண். சேற்றுப்புண்."

"சேத்துப்புண்ணு இல்ல சார். சண்டையில வந்தது. மோர்ச்சாவுல நின்னது சார்."

"மோர்ச்சா என்றால்?"

"பதுங்குகுழி சார். முளங்காலு மட்டும் தண்ணி. பதினேளு நாளு பூட்ஸக் கயட்டல."

"ஏன் கழற்றவில்லை?"

"கயட்டினா திரும்ப மாட்ட முடியாது சார். காலு பூசணிக்கா மாரி வீங்கிக்கினு இருந்துச்சு."

"ஆக, கழற்றாதது உமது விருப்பம்" என்று டாக்டர் கூறி, அதனையும் ஒரு பத்தியில் எழுதிக்கொண்டார்.

அந்தப் பதினேழு நாள்களைப் பற்றிப் படிவம் எதுவும் கேட்கவில்லையாதலால், இங்குச் சுருக்கமாகக் கூற வேண்டியிருக்கிறது. இடம், மேற்கு எல்லையில் ஒரு கால்வாயை ஒட்டிய வயல். குழி வெட்டிய மறுநாளே கால்வாய் நீர் அதற்குள் ஊறத் தொடங்கிற்று. முதல் நாள் கால் குளிர்ந்தது. மூன்றாம் நாள் கால் இருப்பதே தெரியவில்லை. ஐந்தாம் நாள், பூட்ஸுக்குள் விரல் விட்டுத் தொட்டபோது, தோல் ஊறிய அவல்போல் விரலோடு வந்தது. எட்டாம் நாள் உணர்ச்சி திரும்பியது, திரும்பாமலே இருந்திருக்கலாம். காலுறையை நாளுக்கு இருமுறை மாற்றுக என்னும் ஆணை நேரத்தில் வந்தது. இரண்டாவது காலுறை வரவில்லை. காலில் தேய்க்கக் கடுகெண்ணெய் வந்தது. அதைச் சமையற்காரர் பருப்பில் ஊற்றினார். பருப்பு சூடாக இருந்ததால் குறைகூறியவர் இலர். பகலில் தலையைத் தூக்க முடியாதாகையால், வயிற்றுப்போக்குக் கண்டவர்கள் குழியைவிட்டு எங்கும் போகவில்லை. அவர்களிடமிருந்து போனதும் குழியைவிட்டுப் போகவில்லை. பேன் மட்டும் நலமாக இருந்தது.

கன்னியப்பனுக்கு வலப்பக்கம் நின்றவர் திண்டிவனத்துப் பச்சமுத்து. பதினோராம் நாள் அவர் இறந்தது குண்டினால் அன்று. நெஞ்சில் கட்டிய சளியினால். கிடத்துவதற்கு உலர்ந்த இடம் இல்லாமையால், இருட்டும்வரை கன்னியப்பன் அவரைச் சுவரோடு சாய்த்துத் தோளால் அணைத்து நிற்கவைத்திருந்தார்.

முதல் தீர்ப்பு எட்டே நாளில் வந்தது. "சேற்றுப்புண், தொழில்வழி வந்தது, படைப்பணியோடு தொடர்பற்றது."

மேல்முறையீட்டுக்குச் சுலோச்சனாவும் வந்தாள். கிளைத் தலைவர் தேவராஜன் முன்னிலையில், சேலையைக் கணுக்காலளவு தூக்கி, எதிரே காலியாக இருந்த நாற்காலியின்மேல் தன் வலக்காலை வைத்தாள்.

"நல்லாப் பாருங்க சார். இருவது வருசமா நான்தான் சேத்துல நிக்கிறேன். இந்தாளு வரப்புல குந்திக்கினு இருப்பாரு. எனுக்குப் புண்ணு கீதா?"

தேவராஜன் அக்காலைக் கண்ணாடி அணிந்து பார்த்தார்.

"இல்லை."

"அப்ப அவுருக்கு எப்டி சார் சேத்துப்புண்ணு வரும்?"

"அம்மா, இது மனுதாரரின் கால் அன்று. ஒருவர் காலுக்கு இன்னொருவர் கால் சான்றாகாது. நாற்காலியிலிருந்து அதை எடுத்துவிடுங்கள், அது அரசுடைமை."

"எத சார்? காலையா, நாற்காலியையா?"

தேவராஜன் கைகளைக் கோத்துக்கொண்டு பின்வருமாறு பேசினார்:

"பணியகத்தைத் தவறாக எண்ணக்கூடாது. நாங்கள் மறுப்பதற்காக இங்கு அமர்ந்திருக்கவில்லை, ஆராய்வதற்காக அமர்ந்திருக்கிறோம். ஆராய்ந்துகொண்டே போனால் மறுப்பு தானாக வந்து சேர்கிறது. இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு மனுக்களை ஆராய்ந்திருக்கிறோம். ஒரு தீர்ப்பிலேனும் எழுத்துப்பிழை உண்டென்று எவரும் சொன்னதில்லை. சரி, உங்களோடு குழியில் நின்றவர் யாரேனும் உண்டா?"

"பச்சமுத்துன்னு ஒர்த்தன் சார்" என்றார் கன்னியப்பன்.

"அழைத்து வாருங்கள்."

"செத்துட்டான் சார். அங்கியே."

"எதனால்?"

"தண்ணியில நின்னு நின்னு, சளி கட்டி."

"அப்படியானால் அவர் தனி மனு செய்ய வேண்டும்" என்றார் தேவராஜன். "குழிக்காவது சான்று உண்டா? அது எந்தக் கிராமம்? சர்வே எண் என்ன? ஆழம், நீர்மட்டம் இவற்றுக்குக் கிராமக் கர்ணத்தின் சான்றிதழ் வேண்டும்."

காவாந்தண்டலத்துக் கர்ணம் கிருஷ்ணசாமி நேர்மையானவர். தம் எல்லைக்கு உட்பட்ட எதற்கும் சான்றளிப்பார். எல்லைக்கு அப்பால் சூரியன் உதிப்பதற்கும் சான்றளிக்கமாட்டார்.

"இன்னாடா கன்னியப்பா, வெளையாடுறியா? பாகிஸ்தான் ஓரமா கீற பள்ளத்துக்கு நான் எப்டிடா கையெயுத்துப் போடுவேன்? நம்மூர்ல இருந்தாச் சொல்லு, இப்பவே போடுறேன்."

மேலும், சண்டை முடிந்ததும் அக்குழி மூடப்பட்டது. அங்கே இப்போது கோதுமை விளைகிறது. கன்னியப்பன் இதைத் தெரிவித்தபோது, தேவராஜன் விதிநூலைப் புரட்டி, நாற்பத்தொன்றாம் விதியைக் கண்டெடுத்தார். மூலச்சான்று அழிந்தவிடத்து, மனுதாரர் தம் செலவில், பணியகத்தின் மேற்பார்வையில், அச்சான்றின் மாதிரியை அமைத்துக் காட்டலாம்.

"குழியை வெட்டுங்கள். நீரில் நில்லுங்கள். நீரினால் கால் இவ்வாறு ஆகும் என்பதை நாங்கள் கண்ணால் காண்கிறோம். கண்டபின் கையொப்பமிடத் தடை என்ன?"

வெளியே வந்ததும் சுலோச்சனா நின்றாள்.

"இந்தாய்யா, இருக்கிற காலக் காப்பாத்தத்தான வந்தோம்? மறுபடி தண்ணியில நின்னா அது இன்னாத்துக்கு ஆவும்?"

"நிக்கலன்னா மட்டும்? டாக்டரு தைக்குள்ளன்றாரு. இவுரு கையெயுத்துன்றாரு. பதினேளு நாளுதான. அங்க நின்னேன், இங்க நிக்க மாட்டனா?"

"அங்க சுட்டாங்க, நின்ன. இங்க யாரு சுடுறாங்க?"

கன்னியப்பன் குழிக்கான அளவைக் கேட்டுவர மறுபடி உள்ளே போனார்.

பணியகம் அளவு கொடுத்தது: நீளம் இருபதடி, அகலம் இரண்டரையடி, ஆழம் ஐந்தரையடி. கன்னியப்பன் கரையில் உட்கார்ந்து கயிறு பிடித்தார், சுலோச்சனா வெட்டினாள். கார்த்திகை மாதத்துக் காவாந்தண்டலத்தில் மூன்றடி தோண்டினால் தண்ணீர் தானாக வரும், வந்தது. போவோர் வருவோர் நின்று கேட்டனர்.

"இன்னா கன்னியப்பா, கெணறா?"

"மோர்ச்சா."

"அட! எந்த நாட்டோட சண்ட?"

"உத்தரமேரூரோட."

மேற்பார்வைக்கு வந்த வரதன் முதற்கண் ஒரு குறையைச் சுட்டினார்: மனுவில் "கடுங்குளிர் நீர்" என்றிருக்கிறது, இந்நீரோ வெதுவெதுப்பாக இருக்கிறது. சுலோச்சனா வாலாஜாபாத்துக்குப் போய், இரண்டு பாளம் ஐஸை நெல் உமியில் புதைத்துச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றினாள். சாக்கு சொட்டுவதைக் கண்ட நடத்துநர் மீன் என்று எண்ணி இறங்கச் சொன்னார். பதுங்குகுழிக்கு ஐஸ் என்று அவள் உண்மையைச் சொன்னதும், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஊர் சேர்கையில் எஞ்சிய ஒரு பாளம் குழியில் இடப்பட்டது. வரதன் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை நீரில் விட்டு, "அளவுக்கு உட்படாத குளிர்" என்று குறித்துக்கொண்டார். போர்ச்சூழல் நிறைவாக இருக்க வேண்டும் என்னும் ஆர்வத்தால், தம் வீட்டில் தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய அணுகுண்டு வெடிகள் இரண்டையும் அவரே கொண்டுவந்தார். ஒன்று வெடித்தது. மற்றது நனைந்திருந்தமையால் வெடிக்கவில்லை, அதுவும் குறிக்கப்பட்டது.

டிசம்பர் முதல் நாள், கன்னியப்பன் தம் பழைய பூட்ஸை அணிந்து குழியில் இறங்கினார். பணியக நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. இடையே உணவுக்கு ஒரு மணி. ஞாயிறும் இரண்டாம் சனியும் விடுமுறை.

"சண்டையில ஞாயித்துக்கெயம ஏது சார்?"

"சண்டையில இல்லப்பா. ஆய்வுல உண்டு" என்று கூறி, வரதன் கரையில் குடையின்கீழ் அமர்ந்து, அரைமணிக்கு ஒருமுறை "நிற்கிறார்" என்று எழுதிவந்தார்.

நான்காம் நாள் புண் வாய் திறந்தது. ஆறாம் நாள், மாலையில் பூட்ஸைக் கழற்றச் சுலோச்சனா கத்தரிக்கோலைத் தேடினாள். ஏழாம் நாள் இரண்டு மணிக்குக் கன்னியப்பன் வலப்பக்கம் திரும்பி, "பச்ச, சாயாத, பொயுது எறங்கட்டும்" என்றார். வரதன் எழுத எடுத்த பேனாவை மூடிவிட்டு, வெகுநேரம் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரைமணிக்கு மட்டும் ஆய்வேட்டில் குறிப்பு இல்லை.

ஒன்பதாம் நாள் தேவராஜன் நேரில் வந்தார். ஆய்வதிகாரி சான்றிடத்தில் இறங்கிப் பார்த்தல் வேண்டும் என்பது நாற்பத்திரண்டாம் விதி. கரையில் நின்று ஊரார் கேட்கப் பேசினார்:

"ஒரு வீரனின் துயரை உணர வேண்டுமானால், அவன் நின்ற இடத்தில் நாமும் நிற்க வேண்டும். ஏட்டைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் காலம் போயிற்று. வரதன், நாற்காலியை உள்ளே இறக்குங்கள்."

நாற்காலி இறங்கியது, தேவராஜன் அதில் இறங்கி அமர்ந்தார். நாற்காலியின் கால்கள் சேற்றில் ஒருபுறமாகப் புதைந்தன. அரசுடைமையும் அரசு அலுவலரும் சேர்ந்து சாய்ந்தனர். குழி குறுகலாதலால் அவரை எடுக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. கீழிருந்து கன்னியப்பன் தூக்க, மேலிருந்து சுலோச்சனா இழுத்தாள்.

"மெல்ல சார், மெல்ல. இந்தக் கையி எனுக்குப் பயக்கந்தான் சார்" என்றாள் அவள். "தெனம் சாயங்காலம் ஒர்த்தர இப்டித்தான் இழுக்கிறேன்."

அன்று மாலையே தேவராஜனின் கால் விரல்கள் வெளுத்துச் சுருங்கின. டாக்டர் ராஜாராம் வழக்கம்போல் முதலில் படிவத்தைப் பார்த்தார். தொழில்: கிளைத் தலைவர். ஒரு கிளைத் தலைவருக்குச் சேற்றுப்புண் வர வழியில்லை. ஆகவே அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தடித்த நூலை இறக்கி, தூசு தட்டி, நெடுநேரம் படித்து, "பதுங்குகுழிப் பாதநோய், தொடக்கநிலை, பணியின்போது நேர்ந்தது" என்று எழுதினார். பதினைந்து நாள் தனிவிடுப்பு அன்றே வழங்கப்பட்டது. கிளைத் தலைவருக்குக் கிளைத் தலைவரே கையொப்பமிடலாமாதலால் தாமதமில்லை.

செய்தி கேட்டுக் கன்னியப்பனின் முகம் பல நாளுக்குப் பின் மலர்ந்தது.

"பேரு கண்டுபுடிச்சிட்டாங்க பாத்தியா! சாருக்கு வந்ததுதான எனுக்கும் வந்தது. இனிமே எப்டி இல்லன்னுவாங்க?"

"அவுரு பாஞ்சி நிமிசங்கூட நிக்கலய்யா."

"அதான் சொல்றேன். பாஞ்சி நிமிசத்துக்கே குடுத்துட்டாங்களே!"

கர்ணமும் குறை வைக்கவில்லை. குழியைத் தம் கோலால் அளந்து, ஊர்க்கணக்கில் ஏற்றி, சான்றிதழை முத்திரையோடு தந்தார்: "காவாந்தண்டலம் கிராமம், சர்வே எண் 112/3-இல், பட்டாதாரர் கன்னியப்பனால் தோண்டப்பட்ட பதுங்குகுழி ஒன்று உள்ளது. மேற்படியார் அதில் நாள்தோறும் நிற்கக் கண்டேன்." கன்னியப்பன் அதை மஞ்சள் பையில் இட்டு, பையைத் தலைமாட்டில் வைத்து உறங்கினார். குழிக்கு ஒரு சான்று கிடைக்க ஆறாண்டுகள் ஆகியிருந்தன.

பதினேழாம் நாள் அவரைக் குழியிலிருந்து எடுத்தது சுலோச்சனாவும் வரதனும். ஆய்வேட்டின் இறுதி வரி: "நின்றார். ஆய்வு நிறைவுற்றது."

தேவராஜன் விடுப்பிலிருந்து திரும்பினார். கோப்பு மேலிடம் போயிற்று, பொங்கல் போயிற்று, தை போயிற்று. காஞ்சிபுரத்து மருத்துவர் இப்போது கணுக்கால் என்னும் சொல்லை விட்டு, முழங்கால் என்னும் சொல்லை எடுத்திருந்தார்.

1978ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இருபதாம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். தெளிந்த வானம், உலர்ந்த வெயில், தெருவில் எங்கும் ஈரமில்லை. கன்னியப்பன் கிளைக்குச் சுலோச்சனாவோடு மாட்டுவண்டியில் வந்தார். வலக்காலும் ஊன்றுகோலுமாகப் பலகைவரை நடந்தவர், அதன்கீழ் நிற்க இயலாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். உட்கார்வோர்க்கு விதியில் இடமில்லையாதலால், அவர் இன்னும் வரவில்லை என்று கருதப்பட்டது.

தேவராஜன் பச்சை மையில் கையொப்பமிட்டார். மை உலர ஊதினார்.

"மகிழ்ச்சியான செய்தி. உங்கள் வாதத்தின் பெரும்பகுதி ஏற்கப்பட்டிருக்கிறது. இக்கிளையின் வரலாற்றில் இதுவே முதன்முறை. வரதன், படியுங்கள்."

வரதன் படித்தார். அவர் குரல் வழக்கத்தினும் தாழ்ந்திருந்தது.

"ஒன்று: மனுதாரரின் நலிவு சேற்றுப்புண் அன்று எனவும், பதுங்குகுழிப் பாதநோயே எனவும் ஏற்கப்படுகிறது. இரண்டு: அது பதுங்குகுழி நீரில் பதினேழு நாள் நின்றமையால் நேர்ந்தது என்பது, பணியகத்தின் நேரடி ஆய்வால் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. மூன்று: கர்ணத்தின் சான்றுப்படி, அப்பதுங்குகுழி காவாந்தண்டலம் கிராமத்தில், மனுதாரரின் சொந்த நிலத்தில், மனுதாரராலேயே தோண்டப்பட்டது. வேறு பதுங்குகுழி எதற்கும் சான்று அளிக்கப்படவில்லை. நான்கு: அவர் அதில் நின்ற 1977 டிசம்பரில் மனுதாரர் படைப்பணியில் இல்லை. ஆகவே நலிவு படைப்பணியின்போது நேர்ந்ததன்று. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. ஐந்து: மேற்படி குழி பொதுமக்களுக்கு இடரானது, ஒரு கிளைத் தலைவர் ஏற்கெனவே பாதிக்கப்பட்டுள்ளார். பதினைந்து நாள்களுக்குள் மனுதாரர் அதை மூடித் தெரிவிக்க வேண்டும்."



"எயுத்துப்பிழ ஒண்ணும் இல்லல்ல சார்?" என்று கேட்டார் கன்னியப்பன்.

"இல்லை" என்றார் தேவராஜன், உண்மையான பெருமிதத்தோடு.

சுலோச்சனா கணவரின் காலைச் சுற்றிய துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூடிட்றோம் சார். பள்ளத்த நான்தான் வெட்டினேன், நானே மூடிட்றேன். வெறும் பள்ளமா மூடணுமா, ஆள உள்ள வெச்சி மூடணுமா, அதப் போட்டுகீதா?"

வரதன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே முத்திரை மட்டும் இருந்தது.

தேவராஜன் பலகையைச் சுட்டிக்காட்டினார். சுலோச்சனா குனிந்து, குழியிலிருந்து நாள்தோறும் இழுத்த அதே கைப்பிடியால், கன்னியப்பனைச் சுவரோடு சாய்த்து எழுப்பி, தன் தோளால் அணைத்து நிற்கவைத்தாள். அவர் நின்றுவிட்டார் என்பது உறுதியானதும், தீர்ப்பு அவர் கையில் கொடுக்கப்பட்டது.